சேணக்கொம்பில் ஒரு முடிச்சு

டீக் பண்ணை, பர்ன்ஸ் ஊருக்குத் தெற்கே, ஆரிகன்
1927 பிப்ரவரி 6

ஐவா கண்ணுக்கு,

உன் விலாசத்தை எலோர்டி வீட்டுக்காரம்மா கொடுத்தாள். பக்கத்துப் பண்ணைக்காரிக்கு எழுதியிருக்கிறாய், எனக்கு எழுதவில்லை. பரவாயில்லை. யாருக்காவது எழுதினாயே.

இங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. காலையில் உங்கப்பா கோடாலியால் உறைந்த ஓடையை உடைத்துவிட்டால்தான் மாடுகளுக்குத் தண்ணீர். நான் சண்டை போட எழுதவில்லை. ஒன்று நடந்தது, அதை யாரிடமாவது சொல்லவேண்டும். இந்த வீட்டில் நான் பேசினால் கேட்பதற்கு அடுப்புதான் இருக்கிறது.

போன மாதம் உங்கப்பா உப்பு வாங்க பர்ன்ஸ் போனார். திரும்பும்போது வண்டியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். ஆன்செல் க்விஸ்ட் என்று பெயர், மினசோட்டாக்காரன். ரயில் பாதை போட வந்து, பாதை முடிந்ததும் வேலையில்லாமல் நின்றவன். நம் ராய்ஸைவிட ஒரு வயது குறைவு. உயரமும் அதே உயரம், தோளும் அதே தோள். "ஆள் வேணும், மாடு இருக்குல்ல" என்றார் உங்கப்பா. உண்மைதான். உன் அண்ணன் மண்ணுக்குள் போய்விட்டான், நீ போர்ட்லாண்டுக்குப் போய்விட்டாய். இரண்டு கிழங்களால் எத்தனை மாட்டுக்குப் புல் போட முடியும்.

வேலையாள் கொட்டகையில் அவனுக்குப் படுக்கை போட்டேன். உங்கப்பா அந்தப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய் ராய்ஸ் அறையில் விரித்தார். அது ராய்ஸ் அறை என்றேன். சும்மாதானே கிடக்கு என்றார்.

மறுநாள் காலை நான் பால் வாளியோடு கொட்டகையிலிருந்து வருகிறேன். முற்றத்தில் ராய்ஸ் போகிறான். அதே பழுப்புக் கோட்டு, ஆட்டுத்தோல் காலர், வலது முழங்கையில் நான் போர்வைத் துணியில் போட்ட ஒட்டு. புல் வண்டியைப் பார்த்து நடக்கிறான். ஐவா, என் கை தானாகத் திறந்துகொண்டது. பால் முழுக்கப் பனியில் போய்விட்டது. கூப்பிட்டேனா என்று தெரியவில்லை, ஆனால் அவன் திரும்பினான். வேறு முகம்.

உங்கப்பாதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கோட்டு, தொப்பி, ராய்ஸ் கடைசியாக உட்கார்ந்த அந்தச் சேணம், எல்லாம். அந்தப் பையன் ஓடி வந்து வாளியை எடுத்து நிமிர்த்தினான். "கால் வழுக்கிருச்சா மேடம்?" என்று கேட்டான். ஆமாம் என்று சொன்னேன்.

நல்ல பையன்தான். கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதில் போடு. திட்டியாவது போடு.

அம்மா

போர்ட்லாண்ட்
பிப்ரவரி 20

அம்மா,

திட்டியாவது போடு என்கிறாய். சரி.

அண்ணனைப் புதைத்த அன்று குழிப்பக்கம் நின்று நான் அப்பாவிடம் சொன்னதை நீ கேட்டாய். "அவனைக் குதிரை கொல்லல, உங்க முடிச்சு கொன்னுச்சு." அதற்கு அவர் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். நீ அப்போது என்ன செய்தாய் தெரியுமா? வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று பார்க்க உள்ளே போனாய். நான் பெட்டி கட்டினேன். நீ காபி ஊற்றினாய். எத்தனை பேர் குடித்தார்கள் அம்மா?

இப்போது அப்பாவுக்கு ஆள் வேண்டுமாம். அந்த வீட்டில் கயிறு வீசத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். சின்ன வயதிலிருந்து வேலிக்கம்பில் வீசி வீசிப் பழகியவள். ராய்ஸே சொல்வான், ஐவா வீசினா மாடு தானே வந்து தலையைக் கொடுக்கும்னு. அவளுக்குக் கிடைத்த வேலை கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் சூட்டுக்கோலைக் காய்ச்சுவது. மகன் போனதும் அவர் மகளைப் பார்க்கவில்லை. வண்டியைப் பூட்டிக்கொண்டு போய் ரயிலடியில் நின்ற ஒருத்தனை ஏற்றிக்கொண்டு வருகிறார். அவனுக்குக் குதிரையில் எந்தப் பக்கம் ஏறுவது என்றாவது தெரியுமா?

நான் சலவைக் கூடத்தில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆம்பளைகள் சட்டைக் காலருக்கு இஸ்திரி. இங்கே பனி இல்லை, மழை. ஓயாத மழை. கூட அறையில் இருக்கிற பெர்னிஸ் சளி பிடித்த கன்று மாதிரி குறட்டை விடுகிறாள். அந்தச் சத்தம் பழகியதுதான், அதனால் தூங்கிவிடுகிறேன். பொய். தூங்கவில்லை.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததைக் காகிதத்திலாவது சொல்லிவைக்கிறேன். நம் பக்கத்தில் மாட்டுக்குக் கயிறு போடுகிற எவனும் கயிற்றின் வாலைச் சேணத்தின் முன்னால் நீட்டி நிற்கும் சேணக்கொம்பில் சுற்றித்தான் பிடிப்பான். ஆபத்து என்றால் கையைத் தளர்த்துவான், கயிறு மாட்டோடு போய்விடும். அப்பா மட்டும்தான் டெக்சாஸ்காரர், கயிற்றைக் கொம்பிலேயே முடிச்சுப் போட்டுக் கட்டுவார். கயிறை விடுறவன் மாட்டுக்காரனே இல்ல என்பார். ராய்ஸுக்கும் கட்டத்தான் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு அண்ணன் கயிறு போட்ட காளை ஜூனிபர் மரத்துக்கு ஒரு பக்கமும் குதிரை மறு பக்கமும் போயின. கயிறு மரத்தில் மாட்டியது. முடிச்சு அவிழவில்லை. குதிரை சரிந்தது, அடியில் அண்ணன். சுற்றிப் பிடித்திருந்தால் நமக்குப் போயிருப்பது ஒரு கயிறு.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. இந்தப் புது ஆள் கயிற்றைக் கட்டுகிறானா, சுற்றுகிறானா?

ஐவா

டீக் பண்ணை
மார்ச் 20

ஐவா,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் படித்தது தப்பு.

இது கன்று போடும் காலம், உனக்குத் தெரியும், உட்கார நேரமில்லை. ஒரு சிவப்புக் கிடாரிக்குத் தலைச்சன் கன்று செத்தே பிறந்தது. மூன்று வேளையாக அது கத்திய கத்தல் வீட்டுச் சுவரில் இடித்தது. அதே நேரம் வெள்ளை மூஞ்சிப் பசு இரட்டை போட்டு, ஒன்றை நக்கிக்கொண்டு மற்றதை உதைத்துத் தள்ளிவிட்டது. உங்கப்பா கத்தியை எடுத்தார். செத்த கன்றின் தோலை முழுசாக உரித்து, தள்ளிவிட்ட கன்றின் மேல் சட்டை மாதிரி மாட்டி, கால் ஓட்டைகளைச் சணலில் கட்டினார். நாம் எத்தனை வருஷம் பார்த்தது. எனக்கு அது ஒரு காட்சியே இல்லை.

ஆனால் ஆன்செல் பார்த்ததில்லை. என்ன பண்றீங்க ஐயா என்று கேட்டான். உங்கப்பா இந்த ஆறு மாதத்தில் யாரிடமும் அவ்வளவு பேசவில்லை. அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "அவளுக்குக் கண்ணு முக்கியமில்ல. மூக்குதான். தன் புள்ள வாசனை வந்தா போதும், மடியைக் கொடுத்துருவா. நாலு நாள் அவ பால் இதோட வயித்துக்குள்ள போயிட்டா, அப்புறம் தோலை அறுத்துப் போட்டுரலாம். அதுக்கப்புறம் அவளுக்கு இதுதான் புள்ள."

ஆன்செல் சிரித்தான். பாவம் அந்தக் கன்னு, யார் சட்டையோ போட்டுக்கிட்டு நிக்குது என்றான். சொல்லும்போது அவன் கை கோட்டுப் பையில் இருந்தது. ராய்ஸ் கோட்டுப் பையில். உங்கப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பசு கன்றை முகர்கிறதா என்று பார்ப்பார் இல்லையா, அந்தப் பார்வை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆள் வேண்டும் என்று கூட்டி வரவில்லை அவர்.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவனிடம் சொன்னார், "மேடம் கீடம் வேணாம். அம்மான்னு கூப்பிடு." அந்தப் பையன் பீன்ஸ் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டான். நான் எழுந்து போயிருக்கவேண்டும். உப்பை நகர்த்திக் கொடுத்தேன்.

இன்னொன்று சொல்கிறேன். சொன்னால் நீ என்னை இன்னும் வெறுப்பாய். மறுநாள் கோட்டின் உள் துணி கிழிந்துவிட்டது என்று தைக்கக் கொடுத்தான். காலருக்குள் முகத்தை வைத்தேன். புகையிலையும் குதிரை வேர்வையும் ராய்ஸுமாக அப்படியே இருந்தது. அடுப்பில் ரொட்டி கருகும்வரை எடுக்கவில்லை. சாயங்காலம் ஆன்செல் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தபோது எழுந்துபோய் அவன் தட்டில் பெரிய துண்டாகப் போட்டேன். யாரும் சொல்லாமல் போட்டேன். அன்றைக்குத்தான் ஐவா, ராய்ஸ் போன அக்டோபருக்கு அப்புறம் முதல் தடவையாகத் தூங்கினேன்.

சிவப்புக் கிடாரி கன்றை ஏற்றுக்கொண்டது. இப்போது கத்தவில்லை.

அம்மா

போர்ட்லாண்ட்
ஏப்ரல் 3

அம்மா,

கன்று, தோல், கிடாரி, கருகின ரொட்டி எல்லாம் வந்தது. கயிறு மட்டும் வரவில்லை. நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

நீ எழுதாததிலிருந்தே தெரிகிறது. கட்டுகிறான்.

அவனுக்கு ராய்ஸ் எப்படிச் செத்தான் என்று சொல்லியிருக்கிறார்களா? அதையாவது கேட்டுப் பார். அப்பா உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அந்தச் சேணத்தில் ஏறியிருக்க மாட்டான். மினசோட்டாக்காரன் என்றாலும் மூளை இருக்குமில்லையா.

உன்னை வெறுக்கிறேனா என்று தெரியவில்லை. அந்தக் கடிதத்தை வேலையிடத்தில் வைத்துப் படித்தேன். கோட்டு பற்றி வந்ததும் என் முன்னால் இருந்த சட்டையில் இஸ்திரிப்பெட்டியை வைத்தபடி நின்றுவிட்டேன். யாரோ ஒரு வக்கீலின் முதுகில் முக்கோணமாக ஓட்டை. மேற்பார்வைக்காரி கத்தியதில் பாதி கேட்கவில்லை. நானும் முகர்ந்திருப்பேன் அம்மா. நானாக இருந்தால் கொண்டுபோய் ஒளித்து வைத்திருப்பேன், எவனையும் போட விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் கிடாரிக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம். அந்தக் கன்றைக் கூட்டி வந்தவருக்குக் கன்று மேல் அக்கறை என்றா நினைக்கிறாய்? அவருக்கு நீ கத்துவது நிற்கவேண்டும். நீ வாய்விட்டுக் கத்தவில்லைதான். உள்ளே கத்தியது அவருக்குக் கேட்டிருக்கும்.

கேட்டுப் பார். பயப்படாமல்.

ஐவா

டீக் பண்ணை
மே 1

ஐவா,

கேட்டேன். கொட்டகையில் அவன் குதிரைக் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். உங்க ஐயா ராய்ஸைப் பத்தி என்ன சொன்னார் என்று கேட்டேன். வளைக்கரடி தோண்டிய பொந்தில் குதிரை காலை விட்டு விழுந்ததாகச் சொன்னாராம். "அதனால நான் எப்பவும் தரையைப் பார்த்துத்தான் ஓட்டுறேம்மா" என்றான். தரையைப் பார்த்து.

கட்டுகிறான். நீ சொன்னதுதான். உங்கப்பா தினமும் முற்றத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். முடிச்சைப் போடவைத்து, இழுத்துப் பார்த்து, அவிழ்த்து, மறுபடி போடவைக்கிறார். பையன் நன்றாக வீசவில்லை. மூன்று வீசினால் ஒன்று விழும். உங்கப்பா திட்டுவதில்லை. ராய்ஸை எவ்வளவு திட்டுவார், ஞாபகம் இருக்கிறதா. இவனைத் திட்டுவதில்லை. அதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விடுகிறேன்.

இன்னும் கேள். அந்தக் காளை உயிரோடு இருக்கிறது. மேட்டில் ஜூனிபர் மரங்களுக்கு நடுவில், வேறு யார் கண்ணிலும் படாமல் திரிகிறது. கன்றுகளுக்குச் சூடு போடுவதற்கு முன்னால் அதைப் பிடித்துக் கீழே கொண்டுவரவேண்டும் என்கிறார் உங்கப்பா. சுட்டுவிடுங்களேன் என்றேன். "சுட்டா என்ன ஆகும்? கயிறுலதான் கொண்டுவரணும். இவன் போடுவான்" என்றார். இவன் என்று சொல்லவில்லை ஐவா. ராய்ஸ் போடுவான் என்றார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருக்கு அந்த நாள் மறுபடி நடக்கவேண்டும். அதே காளை, அதே சேணம், அதே முடிச்சு. இந்தத் தடவை பையன் சாயங்காலம் வீட்டுக்கு வரவேண்டும். அப்படி வந்துவிட்டால் முடிச்சு தப்பில்லை என்று ஆகிவிடும். அதுதான் அவருக்கு வேண்டியது என்று நினைக்கிறேன். எனக்கு அவ்வளவு யோசிக்கத் தெரியாது, ஆனால் முப்பது வருஷம் கூட இருந்திருக்கிறேன்.

நீ சொல்லு என்பாய். சொன்னால் அவன் போய்விடுவான்.  அவனுக்குப் பாட்டு வராது, ஆனாலும் பாடுகிறான். ஆப்பிள் பணியாரத்தில் மேல்மாவை முதலில் தின்று, உள்ளே இருப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறான். ராய்ஸ் அப்படிச் செய்யமாட்டான். இது இவனுடையது. கோட்டிலும் இப்போது இவன் வாசனைதான் வருகிறது, எனக்கு அதுவும் பழகிவிட்டது. அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. இவனும் போனால் சாப்பாட்டு மேசையில் நானும் உங்கப்பாவும். எதிரெதிரே. பேச்சில்லாமல். எத்தனை வருஷம் அப்படி உட்காருவது?

ஓடை வற்றி, மாடுகள் மேட்டுக்குப் போவதற்குள் பிடிக்கவேண்டுமாம். இந்த மாதக் கடைசி.

அம்மா

போர்ட்லாண்ட்
மே 12

அம்மா,

தபால் வாரம் ஒரு தடவைதான் உன்னிடம் வரும். இது நேரத்துக்கு வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்று கையெழுத்து கோணுகிறது.

அவனுக்கு நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் சொன்னால் அது சண்டைக்காரியின் வயிற்றெரிச்சல். அப்பா ஒரு வார்த்தையில் துடைத்துவிடுவார். நீ சொன்னால்தான் அது நடந்ததாகும்.

அவன் போய்விடுவான் என்கிறாய். ஆமாம், போவான். தன் காலால் நடந்து போவான் அம்மா.

அவனுக்கு மினசோட்டாவில் தாய் இருக்கிறாளா? கேட்டாயா?

ஐவா

டீக் பண்ணை
மே 30

ஐவா,

உன் கடிதம் நேரத்துக்கு வந்தது. அதை வைத்துத்தான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நாலு நாள் உறை பிரிந்தபடியே மாவு டப்பா மேல் கிடந்தது.

காலையில் கிளம்பினார்கள். குளிர் இருந்தது, கோட்டைப் போட்டிருந்தான். ஏறி உட்கார்ந்ததும் உங்கப்பா தன் கையாலேயே அவன் சேணக்கொம்பில் முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார். அப்படியே தோளைத் தட்டினார். ராய்ஸை ஒரு நாளும் அப்படித் தட்டினதில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை, குதிரையின் கடிவாளம் என் கையில் இருந்தது.

உனக்கு அம்மா இருக்காளா தம்பி என்று கேட்டேன். அவன் முழித்தான். இருக்காங்க, டலூத்துல, என்றான்.

"அப்ப இதை அவுத்துப் போடு. என் புள்ள பொந்துல விழுந்து சாகல. இந்தச் சேணத்துல, இந்த மாதிரி முடிச்சுல மாட்டிக்கிட்டுச் செத்தான். அந்தக் காளையோடதான். நீ இப்ப பிடிக்கப் போறியே, அதே காளை."

உங்கப்பா கயிறைத் தொடாதே என்றார். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் தொட்டேன். என் விரலுக்கு அது அவிழவில்லை, ஐவா. எவ்வளவு இறுக்கிப் போட்டிருக்கிறார். ஆன்செல் குனிந்து என் கையை மெதுவாக விலக்கிவிட்டு அவனே அவிழ்த்தான். பிறகு இறங்கினான். பொத்தான் பொத்தானாகக் கழற்றிக் கோட்டை வேலியில் போட்டான். அவன் அப்போதும் கோபமாகப் பேசவில்லை. "இதைப் போட்டுவிட்ட அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம், மேடம்" என்றான்.

மேடம்.

எலோர்டி பண்ணைப் பக்கம் நடந்து போனான். சட்டையோடு, அந்தக் குளிரில். போர்வையாவது எடுத்துக்கொண்டு போடா என்று கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை.

உங்கப்பா தனியாக மேட்டுக்குப் போனார். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை. சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்தேன். வந்தார். கயிறு அப்படியே சுருட்டியபடி இருந்தது, வீசவேயில்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். எதிரெதிரேதான். நான் பயந்த மாதிரியே. தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்:

"கேட்டான். ஒரே ஒரு தடவை சுத்திப் பிடிச்சுப் பாக்குறேம்ப்பான்னு, ராய்ஸ் அன்னைக்குக் காலையில கேட்டான். நான் சிரிச்சேன்."

 நான் தேற்றவும் இல்லை, குத்தவும் இல்லை. அவர் அழுதாரா என்று கேட்பாய். தலையைக் கவிழ்த்திருந்தார், எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். ராய்ஸுக்காக அழுதேனா, நடந்து போனவனுக்காக அழுதேனா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் கோட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் துவைத்துவிட்டேன்.

ஐவாவுக்கு எழுதுறப்போ கன்னுங்களுக்கு இன்னும் சூடு போடலைன்னு எழுது, என்றார் உங்கப்பா. அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நானாக எதுவும் சேர்க்கவில்லை.

அம்மா

போர்ட்லாண்ட்
ஜூன் 9

அம்மா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை நடந்தேன். மழையில் நனைந்து மை கலங்கிவிட்டது. ஆனால் படிக்கவேண்டியதைப் படித்துவிட்டேன்.

 காபியைப் பற்றி இனி எழுதமாட்டேன். அது போதும் என்று வைத்துக்கொள்.

அப்பாவிடம் சொல். கன்றுகளுக்காக நான் வரமாட்டேன். சூட்டுக்கோல் காய்ச்ச ஆள் தேவை என்றால் ரயிலடியில் இன்னும் நிறையப் பேர் நிற்பார்கள். நான்தான் வேண்டும் என்றால் அதை அவர் தன் வாயால் சொல்லட்டும், தன் கையால் எழுதட்டும். பேனா பிடிக்க அவருக்குத் தெரியும்.

அந்த ஆன்செலைப் பார்த்தாயா? எங்கே இருக்கிறான்?

ஐவா

டீக் பண்ணை
ஜூன் 26

ஐவா கண்ணு,

சொல்லிவிட்டேன்.  அவர் மைப்புட்டி எங்கே என்று மட்டும் கேட்டார். மேசை மேல் வைத்திருக்கிறேன். இன்னும் தொடவில்லை. தொட்டால் எழுதுகிறேன்.

ஆன்செலைக் கேட்டாய். எலோர்டி அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார். நான் அங்கே நடந்து போனேன், அவனைப் பார்க்க இல்லை. எங்கள் கன்றுகளுக்குச் சூடு போட ஆள் கேட்க. எலோர்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையைச் சொறிந்தார். "உங்க வீட்டுக்காரர் முடிச்சுப் போடுற இடத்துல என் ஆளுங்க நிக்கமாட்டாங்கம்மா, வருத்தப்படாதீங்க" என்றார். உங்க ஆளுங்க அவங்க வழக்கப்படியே செய்யட்டும், வீட்டுக்காரரை நான் பார்த்துக்கிறேன் என்றேன். என் வாயிலிருந்து வந்தது அது. எனக்கே ஆச்சரியம்.

போன வியாழன் ஐந்து பேர் வந்தார்கள். அதில் அவனும் இருந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், பக்கத்தில் வரவில்லை. நான் சூட்டுக்கோல் பக்கம் நின்றேன். உங்கப்பா குதிரையில் ஒதுங்கி நின்றார்.  அவர் கயிறு மட்டும் சேணக்கொம்பில் கட்டியபடிதான் இருந்தது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நானும் நினைக்கவில்லை.

மத்தியானம் மேட்டிலிருந்து பசுக்களை ஓட்டி வந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அந்தக் காளையும் இறங்கி வந்துவிட்டது. எல்லாருக்கும் தெரியும் அது எது என்று.  அது வேலியோரம் திரும்பி ஓடியது. ஆன்செல்தான் பக்கத்தில் இருந்தான். வீசிவிட்டான். மூன்றில் ஒன்று விழும் என்றேனே, அன்றைக்கு முதல் வீச்சே விழுந்தது. விழாமல் இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

கயிற்றின் வாலைச் சேணக்கொம்பில் சுற்றினான். காளை வேலிக்கால் மரத்துக்கு அந்தப் பக்கம் போனது. குதிரை இந்தப் பக்கம். கயிறு மரத்தில் உரசி இழுத்தது, குதிரை முன்னங்காலை மடித்தது. நான் கண்ணை மூடவில்லை. மூட நேரமில்லை. அவன் கையைத் திறந்தான், கயிறு புகைந்துகொண்டு ஓடியது, அறுபது அடிக் கயிறு, காளை அதை இழுத்துக்கொண்டு சேஜ் புதருக்குள் போனது. குதிரை தடுமாறி எழுந்துகொண்டது. ஆன்செல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். எலோர்டி ஆள் ஒருத்தன், "புதுக் கயிறுடா, உன் தாத்தாவா கொடுத்தான்" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

உங்கப்பா குதிரையை விட்டு இறங்கினார். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் நேராக நடந்து போனார். நான் சூட்டுக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் ஆன்செலின் வலது கையைப் பிடித்து இழுத்து, கையுறையை உருவினார். சுற்றிப் பிடிக்கிறவர்களுக்குக் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்கிப் போவது உண்டு. உங்கப்பா அதைத்தான் பார்த்தார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. விரல் எல்லாம் இருந்தது.

பிறகும் கையை விடவில்லை. அந்தப் பையன் குதிரை மேலும் அவர் தரையிலுமாக அப்படியே நின்றார்கள். ஆன்செலுக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஐயா, மாடு போகுது," என்றான்.

"போகட்டும்," என்றார் உங்கப்பா.

அம்மா